பாவிச்ச எஸ்பிரெசோ மெஷின்: பம்ப் உறுமுது, தண்ணி சொட்டுது. பம்ப் மாத்தணுமா?

நுவரெலியா வாசி:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில மூடின ஒரு கடையில இருந்து பழைய காஜியா கிளாசிக் ஒண்ணு வாங்கியிருக்கேன். வீட்டுக்கு முன்னால ரோட்டோரமா சின்னக் கோப்பிக் கடை போடணும்னு ரொம்ப நாள் ஆசை. மாமா தோட்டத்தில பறிக்கிற அரபிகாவையே வறுத்துக் குடுக்கலாம்னு இருக்கேன். புது மெஷின் வாங்க இப்போதைக்கு வசதி இல்ல. இதைத்தான் ஓட வைக்கணும்.

கோப்பி சுவிட்சைப் போட்டா பம்ப் உறுமுது, ஆனா தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் இறங்குது. தூள் போடாம வெறுமனே ஓட்டினாலும் அதே கதை. நிப்பாட்டிட்டு போர்ட்டாஃபில்டரை (தூள் போடுற கைப்பிடிக் கிண்ணம்) கழட்டினா டப்புனு வெடிச்சு மண்டி எல்லாம் சட்டையில அடிக்குது. நல்லா சூடேறின பிறகு க்ரூப்ல (அந்தக் கிண்ணத்தை மாட்டுற வாய்) இருந்து ஆவியும் சீறுது. டவுன்ல மெஷின் திருத்துற ஒரு பாஸ்கிட்ட காட்டினேன். பம்ப், சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் ரெண்டையும் மாத்தணும்ங்கிறார். சாமான் வெளிநாட்டில இருந்துதான் வரணும். காசைப் போடுறதுக்கு முன்னால விஷயம் தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.

ஹட்டன் வயர்மேன்:
தம்பி, பம்ப் வாங்க அவசரப்படாதீங்க. தூள் இல்லாமலும் சொட்டுதுன்னா அரைப்பு மேல சந்தேகம் இல்ல. தண்ணி போற வழியில எங்கேயோ அடைச்சிருக்கு. எங்கன்னு பார்க்க முதல்ல எதையும் கழட்டவே வேணாம்.

தொட்டிக்குள்ள ரெண்டு ட்யூப் இறங்கும். ஒண்ணு பம்ப் உறிஞ்சுறது. மத்தது, பிரஷர் கூடினா மிச்சத் தண்ணியைத் தொட்டிக்கே திருப்பி விடுற வால்வோடது. மெஷின் சூடாகுறதுக்கு முன்னாலயே சுவிட்சைப் போட்டுட்டு அந்த ரெண்டாவது ட்யூபையே பாருங்க. அதில தண்ணி பாய்ஞ்சா பம்ப் நல்லாத்தான் தள்ளுது, முன்னால போக வழி இல்லாம திரும்பி வருது. அடுத்து ஸ்டீம் குழாயைத் திறந்து, கீழ ஜக்கை வச்சு, அதே சுவிட்சைப் போடுங்க. அங்க தண்ணி தாராளமா வந்தா பொயிலர் வரைக்கும் வழி சுத்தம். அதுக்குப் பிறகு இருக்கிறது சோலனாய்ட் வால்வும் (கரண்டில திறந்து மூடுற மூணு வழி வால்வு) ஷவர் தட்டும் (தண்ணியைத் தூள் மேல பரப்புற ஓட்டைத் தட்டு) தான்.

அந்த வெடிப்பும் அதே இடத்தைத்தான் காட்டுது. சுவிட்சை நிப்பாட்டின உடனே க்ரூப்ல மிஞ்சின பிரஷரை இந்த மூணு வழி வால்வு கீழ்த் தட்டுக்கு இறக்கிவிடணும். அந்த வாய் அடைச்சா பிரஷர் உள்ளேயே நிக்கும். கொதி தண்ணி தம்பி, முகத்துக்கு நேர வச்சுக் கழட்டிடாதீங்க. நல்லா ஆறவிடுங்க.

ட்ரிப் சுவிட்ச் விழுதா? வோல்டேஜ் எவ்வளவு?

நுவரெலியா வாசி:
ரொம்ப நன்றிண்ணே. ட்ரிப் விழல. வோல்டேஜ் பகல்ல 228, ராத்திரி எல்லாரும் சமைக்கிற நேரத்தில 205. ரெண்டாவது ட்யூப்ல தண்ணி பீலி மாதிரி பாயுது! ஸ்டீம் குழாயிலயும் தாராளமா வருது.

கொட்டகலை:
உப்புப் படிஞ்சிருக்கும். தேசிக்காய்ச் சாறு ஊத்தி ஓட்டுங்க, எங்க கெட்டிலுக்கு அதான் வைத்தியம்.

ஹட்டன் வயர்மேன்:
கெட்டிலுக்குச் சரி, இதுக்கு வேணாம். சாறோட சக்கை போய் இன்னும் அடைக்கும். வினிகரும் வேணாம், இந்தப் பழைய மொடல்ல பொயிலர் அலுமினியம். ஒரு லீட்டர் தண்ணிக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். கால் மணி நேரத்துக்கு மேல உள்ள நிக்க விடாதீங்க. பிறகு நல்ல தண்ணி ரெண்டு மூணு தொட்டி ஓட்டிக் கழுவணும்.

ஆனா அதுக்கு முன்னால வால்வைக் கழட்டி கையால துப்புரவு பண்ணுங்க. அமிலம் ஊத்தினா பொயிலர்ல ஒட்டியிருக்கிற செதில் உதிர்ந்து மறுபடி அங்கதான் வந்து மாட்டும். அதனால அமிலம் ஓட்டின பிறகும் ஒரு தடவை கழட்டிப் பார்க்கணும். பிளக்கைச் சுவர்ல இருந்து பிடுங்கிட்டு வேலையைத் தொடங்குங்க, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. மூடும்போது எர்த் வயர் பழைய இடத்தில இறுக்கமா இருக்கான்னு பாருங்க.

பண்டாரவளை கோப்பிக்காரி:
தெர்மோஸ்டாட்டையும் மாத்தாதீங்க தம்பி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்க தண்ணி சுமார் 94 பாகையிலயே கொதிச்சிடும். நம்ம பக்கம் பருப்பு வேக நேரமெடுக்கிறதும் அதனாலதான். இந்த மெஷின்ல கோப்பிக்கான தெர்மோஸ்டாட் 107 பாகையில கட் ஆகுறது. பொயிலருக்குள்ள அடைபட்டு இருக்கிற வரைக்கும் தண்ணி தண்ணியாவே இருக்கும், க்ரூப்பை விட்டு வெளிய வந்த கணமே அதில கொஞ்சம் ஆவியாகிடும். யாழ்ப்பாணத்தில இருக்கும்போதும் கொஞ்சம் சீறியிருக்கும். உங்க ஊர்ல கூடுதலா சீறும், அவ்வளவுதான்.

தூளுக்குள்ள இறங்கும்போது அந்தப் பயம் வேணாம். 9 பார் பிரஷர்ல தண்ணி கொதிக்கணும்னா 170 பாகையைத் தாண்டணும். சீறல் அடங்குற வரைக்கும் வெறுந்தண்ணியை விட்டுட்டு, பிறகு போர்ட்டாஃபில்டரை மாட்டுங்க. தெர்மோஸ்டாட் கட் ஆகாம மாட்டிக்கிட்டிருந்தா 184 பாகை ஃபியூஸ் எப்பவோ போயிருக்கும், மெஷின் சூடாகவே சூடாகாது.

மாமா தோட்டத்து அரபிகான்னு படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. 1869ல இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிஞ்ச மலை இது. இந்த மலைக் கோப்பியை நம்ம ஆளுங்களே வறுத்து, நம்ம ரோட்டோரத்திலயே விக்கணும். கட்டாயம் கடையைத் திறங்க.

நுவரெலியா வாசி:
கழட்டிட்டேன்! க்ரூப் பக்கவாட்டில ரெண்டு போல்ட், அதை எடுத்ததும் வால்வு கையோட வந்துச்சு. காயிலை உருவி, உள்ள இருக்கிற ஸ்பிரிங் கம்பியை வெளிய எடுத்தா, தண்ணி வர்ற ஊசித் துவாரத்தில முட்டைத் தோடு மாதிரி ஒரு வெள்ளைச் செதில் குறுக்க நிக்குது. குண்டூசியால தொட்டதும் ரெண்டா உடைஞ்சுது. ஷவர் தட்டுக்கு மேல பழைய கோப்பி எண்ணெய் தார் மாதிரி கறுப்பா ஒட்டிக் கிடந்துச்சு. ரெண்டையும் தேய்ச்சுக் கழுவி மாட்டினேன். இப்ப க்ரூப்ல தண்ணி சீராக் கொட்டுது. வெடிப்பும் இல்ல, நிப்பாட்டின உடனே கீழ்த் தட்டுக்கு உஸ்ஸுனு இறங்குது. பம்புக்குன்னு எடுத்து வச்ச காசு அப்படியே இருக்கு. உங்க ரெண்டு பேரையும் மறக்க மாட்டேன்.

இன்னும் ஒரு குறை. கோப்பி இறங்கும்போது போர்ட்டாஃபில்டர் ஓரமா ஒழுகுது. கைப்பிடியும் நடுவைத் தாண்டி வலது பக்கம் போகுது.

ஹட்டன் வயர்மேன்:
யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணக்கல் பாறையில ஊறி வர்றது, அதான் அந்தச் செதில். உங்க பீலித் தண்ணியில அவ்வளவு சுண்ணாம்பு இல்ல, வடிகட்டி ஊத்தினா இனி இது சீக்கிரம் வராது. ஆனா பொயிலர்ல மிச்சம் இருக்கும், சிட்ரிக் வேலையை விட்டுடாதீங்க.

ஒழுகுறதுக்குக் காரணம் கெஸ்கட், க்ரூப் வாய்ல இருக்கிற ரப்பர் வளையம். ரப்பர் காய்ஞ்சு கல்லாயிருக்கும். அந்த ரப்பர்ல ஒரு சின்னத் திருகாணியை ஏத்தி, குறடால பிடிச்சு இழுத்தா வந்துடும். புதுசு 8.5 மில்லிமீட்டர் தடிப்புன்னு கேட்டு வாங்குங்க.

205 வோல்ட்ல ஹீட்டர் சக்தியில அஞ்சில ஒரு பங்கு போயிடும், பம்பும் தளரும். ராத்திரியில கடை போடுறதா இருந்தா ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்க. பகல் யாவாரம்னா இப்போதைக்குத் தேவையில்ல.

நுவரெலியா வாசி:
பகல் மட்டும்தாண்ணே. கெஸ்கட்டுக்குச் சொல்லிட்டேன், சிட்ரிக் டவுன்லயே கிடைச்சது. நாளைக்கு ஓட்டிட்டு வால்வை மறுபடி கழட்டிப் பார்த்து எழுதுறேன்.