பார்க் வேலை குரூப்: இப்போதைக்கு ஓகே போடாதீங்க

சேகர்: எல்லாருக்கும் வணக்கம். ஸ்கேட் பார்க் புதுப்பிக்கிற பிளான் கான்ட்ராக்டர்கிட்டேர்ந்து வந்துருச்சு, மேல பிடிஎஃப் போட்டிருக்கேன், கலரெல்லாம் அருமையா இருக்கு. நாளைக்குள்ள எல்லாரும் ஓகே சொல்லிட்டா வேலைய ஆரம்பிச்சுடலாம் 👍

மாலா: சூப்பர் சார் 👏👏

பாஸ்கர் மாமா: 👍

நவீன்: சேகரண்ணா ஒரு நிமிஷம், இப்போதைக்கு ஓகே போடாதீங்க. குவார்ட்டர் பைப்புக்கு, அதான் அந்த வளைஞ்சு ஏர்ற ரேம்ப்புக்கு, நேர் எதிர்ல பெஞ்ச் போட்டு வெச்சிருக்காங்க. மேலேர்ந்து இறங்கி வர்றவன் பெஞ்சுல உக்காந்திருக்கவங்க மடில தான் போய் நிப்பான்

தீபா: 😂😂😂

ஜெனி: ஃபன் பாக்ஸுக்கும் (நடுவுல ஏறி இறங்கற மேடை) ரேம்ப்புக்கும் நடுவுல இடமே விடல பாருங்க. ஒரு ட்ரிக் போட்டு லேண்ட் ஆனதும் காலை சரி பண்ணிக்கணும், தேவைன்னா ஒரு தள்ளு தள்ளணும், அதுக்குள்ள அடுத்தது மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிக்குது

சேகர்: இருக்கறதே சின்ன இடம்மா. நிறைய ஐட்டம் வந்தா உங்களுக்கு தானே நல்லதுன்னு நெனச்சோம்

நவீன்: ஐட்டம் பாதியா கொறஞ்சாலும் பரவால்லண்ணா, தரைய மட்டும் ஒழுங்கா போட்டு குடுத்துருங்க. பிளான்ல தரைக்கு ஒரே ஒரு வரி தான் இருக்கு, "சொரசொரப்பான கான்கிரீட், மேல பெயிண்ட்"னு. ரெண்டுமே எங்களுக்கு ஆகாது

பாஸ்கர் மாமா: தம்பி நான் சர்வீஸ் முழுக்க கான்கிரீட் போட்டவன். வெளிய போடற தரைய ஈரமா இருக்கும்போதே துடைப்பத்தால இழுத்து கோடு விடுறது தான் முறை, இல்லன்னா மழைல வழுக்கும்

நவீன்: நடக்கறவங்களுக்கு அது கரெக்ட் மாமா. எங்க ஸ்கேட்போர்டு வீல் 52, 54 மில்லிமீட்டர் தான், கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். சொரசொரப்புல ஓட்டினா போர்டு கடகடன்னு ஆடி வேகமே வராது, விழுந்தா முழங்கை தோலு அங்கேயே ஒட்டிக்கும். இரும்பு கரணையால நல்லா தேய்ச்சு வழவழன்னு முடிக்கணும். மழை ஈரத்துல யாரும் ஓட்ட மாட்டோம், பேரிங் துரு புடிச்சிரும்

பாஸ்கர் மாமா: ஓ. அப்ப கான்கிரீட் தரைல நடுநடுவுல விடற இடைவெளி, அந்த ஜாயிண்ட்?

நவீன்: அத தான் அடுத்து சொல்ல வந்தேன். இப்ப இருக்கற ஜாயிண்ட்ல விரலே போகுது, வீல் போகாதா. ஒரு சின்ன கல்லு மாட்டினாலே போர்டு டக்குனு நின்னுரும், ஆளு மட்டும் முன்னாடி போவான்

பாஸ்கர் மாமா: அப்ப அகலமா விடக்கூடாது. கான்கிரீட் இறுகினதும் மெஷின் வெச்சு மெல்லிசா கட் பண்ணி விடலாம். ஜாயிண்டே வேணாம்னு மட்டும் சொல்லிடாத, அது வேணுங்கற இடத்துல தானா வெடிச்சுக்கும்

சேகர்: பெயிண்ட் ஏன் வேணாங்கறீங்க? அதுல தான் எல்லாரும் மயங்கிட்டாங்க

ஜெனி: பெயிண்ட் போட்டா சில இடம் வழுக்கும், சில இடம் உரிஞ்சு புடிக்கும், கால் எங்க நிக்கும்னு தெரியாது. கலர் வேணும்னா கான்கிரீட் கலக்கும்போதே பொடிய சேர்த்துரலாம், இல்லன்னா வெளி சுவர்ல இஷ்டத்துக்கு வரையட்டும், நானே வரைஞ்சு தரேன்

மாலா: எனக்கு ஒரு ஆசை, ஒலிம்பிக்ஸ்ல காட்டினாங்களே அந்த மாதிரி பெரிய கிண்ணம் ஒண்ணு கட்டலாமா? 2021ல டோக்கியோல அந்த ஜப்பான் பொண்ணு மோமிஜி நிஷியா 13 வயசுல தங்கம் வாங்கினத பார்த்ததுலேர்ந்து எங்க வீட்ல ஒருத்தி குதிச்சுக்கிட்டே இருக்கா

நவீன்: மாலாக்கா அந்த பொண்ணு ஜெயிச்சது ஸ்ட்ரீட்ல, அது படிக்கட்டு, கைப்பிடி, லெட்ஜ் (போர்ட உரசி ஓட்டற திண்டு) எல்லாம் வெச்சு ஆடறது. கிண்ணம் இருக்கறது பார்க்னு தனி பிரிவு. ஆழமான கிண்ணம் கட்டினா இங்க விரல் விட்டு எண்ற ஆளுங்க தான் இறங்குவாங்க, புதுசா வர்றவங்க மேல நின்னு வேடிக்கை பார்த்துட்டு போயிருவாங்க

தீபா: அப்ப சின்னதுங்களுக்கு? என் பையன் போனா எனக்கு உயிரே போகுது, எல்லா ரேம்ப்லயும் சுத்தி கம்பி வெச்சுடுங்க சேகர்

நவீன்: ரேம்ப் மேல நிக்கற பிளாட்ஃபார்முக்கு பின்னாடியும் சைடுலயும் கண்டிப்பா வேணும் தீபாக்கா. முன்னாடி வெச்சா இறங்கறது எப்படி 😅

பாஸ்கர் மாமா: இன்னொரு சந்தேகம். ரேம்ப் விளிம்புல ஒரு பைப் துருத்திட்டு இருக்கற மாதிரி வரைஞ்சிருக்கான். அத மட்டமா வெச்சுடச் சொல்லலாமே, குத்தாது?

நவீன்: ஐயோ மாமா அது தான் கோப்பிங். 60 மில்லிமீட்டர் இரும்பு பைப், கொஞ்சூண்டு துருத்திட்டு தான் இருக்கணும், அஞ்சுலேர்ந்து பத்து மில்லிமீட்டர். மட்டமா இருந்தா ட்ரக், அதான் போர்டுக்கு கீழ வீல புடிச்சிருக்கற இரும்பு, எங்க உக்காருதுன்னே தெரியாம நழுவிரும், ரொம்ப துருத்திச்சுன்னா திரும்பி இறங்கும்போது வீல் மாட்டி தலைகுப்புற விழணும். பழைய ரேம்ப்ல இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி இருக்கு, அதனால தான் வலது பக்கம் யாருமே போறதில்ல

சேகர்: இவ்வளவு நாளா அங்க வெயில் அடிக்குதுன்னு போகலனு நெனச்சேன் 🤦

பாஸ்கர் மாமா: சரி சத்தத்துக்கு என்ன வழி? என் ஜன்னல் நேரா பார்க் பக்கம்

ஜெனி: இப்ப இருக்கற இரும்பு தகடு ரேம்ப் உள்ள காலி மாமா, பறை மாதிரி அதிரும். கெட்டியான கான்கிரீட்னா அந்த டமடமா போயிரும். லெட்ஜ்ல உரசற சத்தம் இருக்கத்தான் செய்யும், அதனால லெட்ஜ உங்க பக்கத்துலேர்ந்து எடுத்து ரோட்டு பக்கம் தள்ளிரலாம், லைட்டையும் ஒரு நேரம் வெச்சு அணைச்சுரலாம்

பாஸ்கர் மாமா: இத நீ முதல்லயே சொல்லியிருந்தா நான் போன வருஷம் புகார் எழுதியே இருக்க மாட்டேன்

நவீன்: எழுதினது நீங்களா மாமா 😳

பாஸ்கர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தீபா: 😂

ஜெனி: சீரியஸா ஒண்ணு சொல்லணும். இங்க டெய்லி வர்ற எங்கள மட்டும் கேட்டுட்டு கட்டினா எங்களுக்கு புடிச்ச மாதிரி தான் வரும். நாலு நாள் வந்துட்டு நின்னு போன பொண்ணுங்க இருக்காங்க, அவங்களையும் கேக்கணும். எனக்கு தெரிஞ்சு காரணம் ரொம்ப சிம்பிள், உள்ள வர ஒரே வழி, அது நேரா பெரிய பசங்க ஓட்டற லைன குறுக்க வெட்டுது, தட்டுத்தடுமாறி நிக்கறவ எல்லார் முன்னாடியும் அத தாண்டி வரணும். சைடுல இன்னொரு வழி விட்டு அங்கேயே தட்டையா ஒரு இடம், முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன மேடு போதும், சின்ன பசங்களும் அங்கேயே பழகிக்குவாங்க, தீபாக்காவுக்கும் உயிர் போகாது

மாலா: 👏👏👏 ஜெனி நீ கமிட்டில சேரு

சேகர்: தண்ணி தேங்கற பிரச்சனை?

நவீன்: இருக்கறதுலயே தாழ்வான இடத்துல தான் வடிகால் வேணும், மூடியோட ஓட்டை வீல் மாட்டாத அளவு சின்னதா இருக்கணும்

ஜெனி: ஸ்கேட்டர்ஸே தங்க இடத்துக்காக நின்ன கதை ரெண்டு சொல்றேன். லண்டன்ல சவுத்பேங்க்னு ஸ்கேட் பண்ற ஒரு எடம், பாலத்தடி மாதிரி. 2013ல அத எடுத்துட்டு கடை வைக்கறதுக்கு பிளான் போட்டாங்க, ஸ்கேட்டர்ஸ் விடாம நின்னு 2014ல காப்பாத்திட்டாங்க. அமெரிக்கால போர்ட்லேண்ட்ல இன்னும் மேல, 1990ல பர்ன்சைட் பாலத்துக்கு கீழ பர்மிஷன் இல்லாம பசங்களே சிமெண்ட் கலக்கி கட்ட ஆரம்பிச்சு, பின்னாடி தான் சிட்டியே ஒத்துக்கிச்சு

சேகர்: அதுக்காக ராத்திரில மூட்டைய தூக்கிட்டு வந்துடாதீங்கம்மா 🙏 கான்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை வரேன்னாரு. கான்கிரீட் போட்ட மறுவாரம் திறப்பு விழா வெச்சுரலாமானு கேக்கறாரு

பாஸ்கர் மாமா: ஆகவே ஆகாது. 28 நாள் ஆகட்டும், அதுவரைக்கும் ஒருத்தன் உள்ள கால் வைக்கக்கூடாது. ஆரம்பத்துல ஈரம் காயாம பாத்துக்கணும், அத நான் பாத்துக்கறேன்

நவீன்: 28 நாளா 😭 சரி ஓகே. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஐடியா, பிளான்ல இருக்கறத அதே அளவுல தரைல சாக்பீஸால வரைஞ்சு பார்ப்போம், நாங்க சுத்தி ஓட்டி காட்டறோம், எங்க முட்டிக்கறோம்னு அவரே பார்க்கட்டும்

சேகர்: நல்லா இருக்கு. மாலா அந்த நின்னு போன பொண்ணுங்க வீட்ல நீங்க பேசறீங்களா

மாலா: பேசிட்டேன், ரெண்டு பேர் வர்றாங்க

பாஸ்கர் மாமா: 30 மீட்டர் டேப் என்கிட்ட இருக்கு, கொண்டு வரேன். காலைல ஆறு மணி

நவீன்: மாமா ஒம்போது?

பாஸ்கர் மாமா: ஆறு. வெயில் ஏறிடும்

ஜெனி: ஏழரை 🙏

பாஸ்கர் மாமா: ஏழு. சாக்பீஸ் நீங்க வாங்கிட்டு வாங்க