தீவிரவாதக் குற்றவாளிக்குத் தூக்கா, சாகும்வரை சிறையா?

மலைக்கோட்டை:
மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணாவை 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பாட்டு: "கசாப் மாதிரி இவனையும் தூக்கில் போடணும்." விசாரணையே இனிமேல்தான் என்று சொன்னால் என்னை முறைக்கிறார்கள். அவரை விட்டுவிடுவோம். குற்றம் நிரூபணமாகித் தண்டனை வாங்கிய தீவிரவாதியை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. 2015-இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தனது 262-ஆவது அறிக்கையில், மற்ற குற்றங்களுக்கு மரண தண்டனை வேண்டாம், தீவிரவாதத்துக்கும் நாட்டின் மீது போர் தொடுப்பதற்கும் மட்டும் இருக்கட்டும் என்றது. இந்த விதிவிலக்கு சரிதானா?

கோயம்புத்தூரான்:
சரிதானுங்க. 1998 பிப்ரவரி 14 அன்று எங்க ஊரில் 58 பேர் செத்தாங்க. ஆர்.எஸ்.புரத்தில் வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அடிபட்டவர்களைத் தூக்கிட்டு ஓடின அரசு மருத்துவமனையிலும் குண்டு வைத்திருந்தாங்க. அதை யோசித்தவன் திருந்துவான்னு நான் நம்பணுமா? தீர்ப்பு 2007-இல் வந்தது. குண்டு வைத்த அல்-உம்மா அமைப்பின் தலைவர் பாட்ஷாவுக்கு ஆயுள். 2024 டிசம்பரில் பரோலில் வெளியே இருந்தபோது நோயில் இறந்தார், ஊருக்குள் இறுதி ஊர்வலம் போனது. செத்த 58 பேர் வீட்டிலும் அதைப் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க.

ரயிலடி:
கசாபுக்கு நாலு வருஷம் வரிப்பணத்தில் பிரியாணி போட்டு வளர்த்தோம். ஆயுள் தண்டனை என்றால் நாற்பது வருஷம் போடணும். கணக்கு அவ்வளவுதான்.

வேலூர்க்காரி:
ரயிலடி, அந்தப் பிரியாணிக் கதையைக் கட்டியவரே அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம்தான். கசாப் பிரியாணி கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை, அவன் மேல் இரக்க அலை எழுந்துவிடக்கூடாது என்று நானே சொன்னேன் என 2015-இல் பத்திரிகைக்காரர்களிடம் அவரே போட்டு உடைத்தார். பத்து வருஷமாகியும் நீங்கள் அந்த இலையை எடுக்கவில்லை. மக்கள் கருத்து எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரயிலடி:
பிரியாணி இல்லை என்றால் சாம்பார் சாதம். செலவு செலவுதானே.

கறுப்பு அங்கி:
கோவை நண்பருக்கு. 1998-இல் உள்ளே போனவர் 2024-இல் நோயாளியாகப் பரோலில் வந்து செத்தார். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் பரோல் விடுதலை ஆகாது. "ஆயுள் என்றால் பதினாலு வருஷம்" என்பது சினிமா சட்டம். 2008-இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில், தண்டனைக் குறைப்பே இல்லாமல் உயிர் உள்ளவரை சிறை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அப்படி விதிக்கலாம் என்று உறுதி செய்தது (விசாரணை நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை). தூக்குக்கும் சாதா ஆயுளுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கோயம்புத்தூரான்:
வக்கீல் சார், அந்த ஸ்ரீஹரன் யாருன்னும் சொல்லிடுங்க. ராஜீவ் கொலை வழக்கு முருகன்தானே? எந்த வழக்கில் "சாகும்வரை சிறை செல்லும்"னு எழுதினாங்களோ, அதே வழக்கில் மிச்சம் இருந்த ஆறு பேரும் 2022 நவம்பர் 11 அன்று விடுதலை. ஏழு வருஷம்கூட ஆகலை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்த போலீஸ்காரங்க பெயரில் ஒண்ணாவது இங்கே யாருக்காவது தெரியுமா? உள்ளே இருந்தவங்க பெயர் மட்டும் ஏழும் மனப்பாடம்.

வேலூர்க்காரி:
எனக்குத் தெரியும், எஸ்.பி. முகமது இக்பால். அவர் குடும்பத்துக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை யார் உயிரை எடுத்து அடைப்பது என்பதுதான் கேள்வி.

பேரறிவாளனுக்கு அப்போது 19 வயது. ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். இப்போது தேதியைப் பாருங்கள். அவரைத் தூக்கிலிட நாள் குறித்தது 2011 செப்டம்பர் 9. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுக்காமல் இருந்திருந்தால், அந்த அதிகாரியின் மனசாட்சி விழித்தபோது இந்தப் பக்கம் ஆளே இருந்திருக்க மாட்டார்.

கோயம்புத்தூரான்:
ஒருத்தர் வாக்குமூலத்தில் கோளாறுன்னா அவரை விடுங்க. அதை வைத்து எல்லாரையும் ஏன் விடணும்?

கறுப்பு அங்கி:
கோளாறு ஒருவரோடு நிற்கவில்லை, அதனால்தான். அந்த வழக்கை நடத்திய தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றது. சாதாரண வழக்கில் அது செல்லாது. 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே அனுப்பி, நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. இருபத்தாறு எங்கே, நாலு எங்கே?

இன்னொன்று. அந்தத் தீர்ப்பு, தடாவின் கீழ் பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுபடியானது! சட்ட ஆணையத்தின் விதிவிலக்கு "தீவிரவாதம்" என்ற முத்திரையை நம்பி நிற்கிறது. நாட்டின் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்ற வழக்கிலேயே அந்த முத்திரை நிற்கவில்லை. வேறு எந்த வழக்கில் அதை நம்பி ஒரு கழுத்தில் கயிறு மாட்டுவது?

சித்தன் போக்கு:
ரெண்டு பக்கமும் "மக்கள்" "மக்கள்" என்கிறீர்கள். 2011 ஆகஸ்டில், ராஜீவ் வழக்கில் தூக்குக்கு நாள் குறித்திருந்த பேரறிவாளன் உள்ளிட்ட மூவர் உயிரைக் காக்கக் கருணை காட்டச் சொல்லித் தமிழகச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. 2012 நவம்பர் 21 காலையில் எரவாடா சிறையில் கசாபைத் தூக்கிலிட்ட செய்தி வந்ததும் எங்கள் தெருமுனையில் லட்டு கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பாதிப்பேர் 2011-இல் மூவருக்காக உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவர்கள். பஞ்சாபில் முதல்வர் பியாந்த் சிங் கொலை வழக்கில் ரஜோனாவுக்கும் இதே கதைதான், 2012-இல் தேதி குறித்தும் நிறுத்தினார்கள். நம்மாள் என்றால் மனிதாபிமானம், வேற்றாள் என்றால் நாட்டுப்பற்று. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவுக்கு 2005-இல் தூக்கை உறுதி செய்தபோது, சமூகத்தின் கூட்டு மனசாட்சி அப்போதுதான் திருப்தியடையும் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. எந்தச் சமூகம் என்று நானும் இருபது வருஷமாகக் கேட்கிறேன்.

மலைக்கோட்டை:
சித்தரே, அடி பலமாக விழுந்தது. பந்தலில் நானும் உட்கார்ந்தேன், லட்டும் தின்றேன். ஆனால் இரண்டும் ஒன்றா? கசாப் விஷயத்தில் முத்திரைச் சண்டை எதுவும் இல்லை. துப்பாக்கியோடு படமே இருக்கிறது. துக்காராம் ஓம்ப்ளே என்ற காவலர் வெறும் லத்தியோடு அவன் துப்பாக்கிக் குழலைப் பிடித்துத் தொங்கி, குண்டுகளை உடம்பில் வாங்கிக்கொண்டதால்தான் அவன் உயிரோடு சிக்கினான். சந்தேகத்துக்கே இடமில்லாத வழக்கில் தூக்கு ஏன் கூடாது?

வேலூர்க்காரி:
ஓம்ப்ளே உயிரைக் கொடுத்துப் பிடித்துத் தந்த ஒரே ஆள் அவன். அதனால்தான் வைத்திருக்க வேண்டும் என்கிறேன். கராச்சியிலிருந்து போனில் உத்தரவு போட்டவர்களில் ஒருவர் என்று அபு ஜுண்டாலை 2012 ஜூனில் கைது செய்தார்கள். அதே நவம்பரில் கசாப் இல்லை. இடங்களை வேவு பார்த்துக் கொடுத்த ஹெட்லி, வாய் திறந்ததால் அமெரிக்காவில் 35 வருஷச் சிறையோடு தப்பினான். நாம் துப்பாக்கி பிடித்தவனைப் புதைத்துவிட்டு, திட்டம் போட்டவனின் வாக்குமூலத்தை வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தோம். சாகத் துணிந்து வந்தவனுக்குச் சாவைக் கொடுத்து என்ன பயம் காட்டினோம்?

கோயம்புத்தூரான்:
வைத்திருந்தா என்ன ஆகும்னு 1999 டிசம்பரில் பார்த்தோமே. காந்தஹாருக்கு விமானத்தைக் கடத்தி மசூத் அசாரை மீட்டுட்டுப் போனாங்க. அடுத்த வருஷமே ஜெய்ஷ்-இ-முகமது. சிறையில் இருக்கிற ஒவ்வொருத்தனும் அடுத்த கடத்தலுக்கு ஒரு காரணம்.

கறுப்பு அங்கி:
அசார் 1994-இல் பிடிபட்டவர், தூக்குத் தண்டனைக் கைதி இல்லை. உங்கள் வாதப்படி பார்த்தால், பிடித்த உடனேயே விசாரணை இல்லாமல் சுட்டிருக்க வேண்டும். அதைச் சொல்கிறீர்களா?

கோயம்புத்தூரான்:
சொல்லலை. சட்டப்படி, சீக்கிரமா, அவ்வளவுதான். கசாப் வழக்கு கைதிலிருந்து கயிறு வரைக்கும் நாலே வருஷத்தில் முடிஞ்சதே. சரி, ஒரே ஒரு கேள்விக்கு நேராப் பதில் சொல்லுங்க சார். நீங்க சொல்ற அந்த மூன்றாவது தண்டனையை உச்ச நீதிமன்றமே விதிச்சாலும், நாளைக்கு ஓட்டுக்காக ஒரு அமைச்சரவை சிபாரிசு பண்ணி ஆளுநர் விட முடியுமா, முடியாதா?

கறுப்பு அங்கி:
முடியும். தண்டனையைக் குறைக்கக் குடியரசுத் தலைவருக்கு 72-ஆவது பிரிவு, ஆளுநருக்கு 161-ஆவது பிரிவு, இரண்டும் அரசியல் சாசனம் கொடுத்த அதிகாரங்கள். 2015 தீர்ப்பும் அவற்றைத் தொடவில்லை.

கோயம்புத்தூரான்:
அப்போ என் ஓட்டு தூக்குக்குத்தான். அந்தக் கதவைப் பூட்டிட்டு வாங்க, பேசலாம்.

வேலூர்க்காரி:
நளினியின் தூக்கை 2000-இல் ஆயுளாக மாற்றியதும் அதே 161-தான். சிறையில் பிறந்த மகள் இருக்கிறாள், தாயைக் கொல்ல வேண்டாம் என்று சோனியா காந்தியே கேட்டார். கணவரைப் பறிகொடுத்தவர் திறக்கச் சொன்ன கதவை நீங்கள் ஏன் பூட்டச் சொல்கிறீர்கள்?

கோயம்புத்தூரான்:
அந்தம்மா அவங்க கணவருக்காகப் பேசலாம். இக்பால் வீட்டில் யாரு கேட்டாங்க?