புதுப்பிப்பு: மெதுவாக இறங்கும் பிரேக் பெடல், காரணம் கிடைத்தது

முன்பு கேட்டது இது: நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் உள்ள பழைய சின்ன கார். பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்லத் தரைவரை இறங்குகிறது. வெளியே ஒழுகல் இல்லை, பிரேக் ஆயில் அளவும் குறையவில்லை.

கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்குள்தான் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்). பிஸ்டன் முனையிலுள்ள ரப்பர் கப்பின் விளிம்பு தேய்ந்து, அழுத்தம் ஏறிய ஆயில் அதைத் தாண்டிப் பின்னுக்கே வந்துவிடுகிறது. சிலிண்டரின் உள்துளையைத் துடைத்து டார்ச் அடித்தால், கப் ஓடும் பாதையில் குண்டூசித் தலை அளவுக்கு மூன்று துருக்குழிகள். வெறும் கறையென்றால் 600 நம்பர் வாட்டர் பேப்பர் போதும். நகம் தட்டுகிற குழி என்றால் ரப்பர் கப் அடங்கிய கிட் மட்டும் மாற்றுவது வீண், புதுக் கப்பையும் அறுத்துவிடும். அதனால் சிலிண்டரே மாற்றியாயிற்று.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், துரு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வருடத்துக்கொரு முறை ஆயிலை மாற்றுங்கள். கப்பில் பிரேக் ஆயில் மட்டும் தடவுங்கள். இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

பெடலிலிருந்து வரும் தள்ளுகம்பியான புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சுமார் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் சிறுதுளை மூடிப்போய், ஓட ஓட பிரேக் பிடித்துக்கொள்ளும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஏர் எடுக்குமுன், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுமுன், ட்ரம்மை உரசி நிறுத்தும் ஷூக்களை ட்ரம்முக்கு நெருக்கமாக அட்ஜஸ்ட் செய்யுங்கள். இல்லையேல் பெடல் ஆழமாக இறங்கும், இல்லாத காற்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

இப்போது ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் பெடல் அசையவில்லை.