வீதிக் குழுவில் ஒரு பூசணி விளக்கு

குழு: எங்கள் வீதித் தமிழர், ஸ்காபரோ, ரொறன்ரோ
ஒக்டோபர் 28, செவ்வாய்

நித்தியா, மாலை 6:12
எல்லோருக்கும் வணக்கம். இந்த வெள்ளிக்கிழமை வரும் ஹாலோவீனுக்குப் பூசணி விளக்கை வீட்டிலேயே வெட்ட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதுவும் வழக்கமான பேய்முகம் வேண்டாமாம்; தமிழ்ப் பள்ளியில் எழுதிப் பழகிய 'அ' தான் வேண்டுமாம். கடை வாசலில் குவித்திருந்ததில் பெரிதாக ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். எங்கே தொடங்குவது, எந்தக் கத்தியை எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபி அண்ணா, 6:21
நித்தியா, இன்றைக்கே வெட்டிவிடாதே. வெட்டாத பூசணி குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெட்டியதோ, ஈரச் சதை காற்றுப்படத் திறந்து கிடப்பதால், சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துப் பல்லில்லாத கிழவர் வாய்போல உள்வாங்கிவிடும். வியாழன் இரவு வெட்டினால் வெள்ளி மாலைக்குச் சரியாக இருக்கும். சமையலறைப் பெரிய கத்தியைத் தொடவே வேண்டாம். அது தடித்த தோலில் இறுகிக்கொள்ளும். நாம் பலங்கொண்டு அழுத்தும்போது சட்டென்று வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். டொலர் கடையில் இந்த நாட்களில் விற்கும், பல் வைத்த சிறு வாள் போதும். அலகு மெல்லியது என்பதால் வளைவுகளிலும் திரும்பும்.

மூலைவீட்டு அன்ரி, 6:30
பிள்ளை, மேலே காம்பைச் சுற்றி மூடி வெட்டும்போது வாளை நேராக இறக்காமல், நுனி நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பிடித்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூடி உள்ளே விழுந்துவிடும். பின்பக்கத்தில் ஒரு சிறு முக்கோணப் பல்லையும் சேர்த்து வெட்டிவிட்டால், மூடியை எந்தத் திசையில் வைப்பது என்று ஒவ்வொரு முறையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கத் தேவையில்லை.

கோபி அண்ணா, 6:34
அன்ரி, நான் மூடியே வெட்டுவதில்லை. அடியில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தட்டில் விளக்கை வைத்து, பூசணியை அதன்மேல் கவிழ்த்துவிடுவேன். மேல்பகுதி முழுதாக இருப்பதால் உருவம் நாள்பட நிற்கும். விளக்கை மாற்றுவதும் எளிது.

மூலைவீட்டு அன்ரி, 6:37
அடியை வெட்டினால் சாறெல்லாம் வாசற்படியில் வடியும், தம்பி. இனிப்பு வாங்க வரும் குழந்தைகள் வழுக்கி விழுவதற்கா? அத்துடன், உண்மையான மெழுகுதிரி ஏற்றுகிறவர்களுக்குப் புகையும் சூடும் வெளியேற மேலே வழி வேண்டும்.

கோபி அண்ணா, 6:40
மெழுகுதிரியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நீளமான மேலங்கியும் முகமூடியும் போட்ட பிள்ளைகள் குனிந்து பார்க்கும் இடத்தில் தீச்சுடர் எதற்கு? பற்றரியில் எரியும் சிறு விளக்குகளே போதும், காற்றிலும் அணையாது.

நித்தியா, 6:44
பற்றரி விளக்கே வைக்கிறேன். ஆனால் 'அ' எழுத்தை எப்படி வெட்டுவது? தாளில் வரைந்து பார்த்தால் சுழிக்குள் இருக்கும் பகுதி எதனோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

கோபி அண்ணா, 6:58
நல்ல வேளையாக வெட்டுவதற்கு முன்பே கவனித்தாய். கோட்டைத் துளைத்து வெட்டினால் மூடிய சுழிக்குள் இருக்கும் சதை அப்படியே கழன்று விழும். வெறும் ஓட்டைதான் மிஞ்சும். 'ப', 'ட' போன்ற எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 'அ' தான் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுழிக்கோட்டை ஓரிரு இடங்களில் விரலகலத்துக்கு வெட்டாமல் விட்டு, அந்தச் சதையே பாலமாக நின்று உட்பகுதியைத் தாங்கும்படி செய்வது. மற்றது, எனக்குப் பிடித்தது: துளைக்காமல் செதுக்குவது. எழுத்து வரும் இடத்தில் ஆரஞ்சுத் தோலை மட்டும் சீவி எடுத்து, கீழிருக்கும் வெளிர்மஞ்சள் சதையைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். சதை அரை அங்குலத்துக்கும் குறைவாக மெலியும்போது உள்ளிருக்கும் வெளிச்சம் அதன் வழியே தேன்நிறத்தில் கசியத் தொடங்கும். சுழியின் நடுவில் தோலை அப்படியே விட்டுவிட்டால் அது கரும்புள்ளியாகத் தெரியும், எழுத்து உடையாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே வெளிச்சத்தை வைத்துக்கொண்டே சுரண்டினால் எங்கே இன்னும் தடிப்பு என்று கண்ணுக்கே தெரியும். இதற்கு எழுத்து வரும் பக்கத்துச் சுவரை உள்ளேயிருந்து கரண்டியால் ஓர் அங்குலம் வரை மெல்லியதாக்கிக்கொள்வது முக்கியம். ஐஸ்கிறீம் அள்ளும் கரண்டி இருந்தால் கை நோகாது.

நித்தியா, 7:03
படத்தைத் தோலுக்கு மாற்றுவது எப்படி அண்ணா?

கோபி அண்ணா, 7:05
தாளை ஒட்டி, கோட்டின்மேல் குண்டூசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போ. தாளை எடுத்த பின் புள்ளிகள் வழிகாட்டும். அந்த வேலையை மகளிடமே கொடுக்கலாம். வாளை மட்டும் கொடுக்காதே.

வாத்தியார் மாமா, 7:16
நீங்கள் பூசணியோடு படும் பாட்டைப் பார்க்கும்போது அயர்லாந்துக்காரர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் ஸ்கொட்லாந்துக்காரரும் இந்த விளக்கை முதலில் டர்னிப் கிழங்கில்தான் குடைந்தார்கள். அது சிறியது, பூசணிபோல உள்ளே பொள்ளலும் இல்லை, அங்குலம் அங்குலமாகக் குடைய வேண்டும். வட அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகுதான் இந்த மண்ணுக்கே உரிய, பெரியதும் இலகுவாக வெட்டக்கூடியதுமான பூசணி அவர்கள் கைக்கு வந்தது. டொனகல் பகுதியில் செய்த ஒரு டர்னிப் விளக்கின் வார்ப்பு மேயோ மாவட்டத்திலுள்ள அயர்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகத்தைப் படத்தில் பார்த்தால் எங்கள் வீதிப் பேய்களெல்லாம் சாதுக்கள் என்று சொல்வீர்கள்.

மூலைவீட்டு அன்ரி, 7:22
நித்தியா, அந்தப் பெரிய பூசணியின் சதையில் கறி வைக்க நினையாதே; நாரும் தண்ணீருமாகத்தான் இருக்கும். தேங்காய்ப்பால் விட்டு வைக்க வேண்டுமென்றால் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று விற்கும் சிறிய பூசணியை வாங்கு. விதைகளை மட்டும் எறியாதே. நாரைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் எண்ணெயும் பிரட்டி, ஓவனில் 350 பாகை பரனைற்றில் பொன்னிறமாகும்வரை வறுத்தால் பிள்ளைகள் கொறிப்பார்கள்.

நித்தியா, 7:25
வெட்டிய பின் அணில் கடித்துவிடுமே, அதற்கு என்ன செய்வது?

கோபி அண்ணா, 7:31
இந்த ஊர் அணில்களுக்கு முழுத் தீர்வு யாரிடமும் இல்லை. வெள்ளி மாலைவரை உள்ளே கராஜில் வைத்திரு. வீட்டுச் சூட்டில் வைத்தால் விரைவில் அழுகும், வெளியே இரவு உறைபனி விழுந்தால் உறைந்து இளகிக் குழைந்துவிடும். வெட்டிய ஓரங்களில் வாசலின் (Vaseline) களிம்பைப் பூசினால் காய்ந்து சுருங்குவது தாமதமாகும்.

வாத்தியார் மாமா, 7:36
ஹாலோவீன் முடிந்ததும் உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. நகரின் மேற்குப் பகுதியிலுள்ள சொறோறன் பூங்காவில் 2004 முதல் நவம்பர் 1 மாலை பூசணி அணிவகுப்பு நடந்து வருகிறது. முதல்நாள் வீட்டு வாசல்களில் இருந்த விளக்குகளை மக்கள் அங்கே கொண்டுவந்து வரிசையாக வைத்து மறுபடி ஏற்றுவார்கள். தமிழ் எழுத்து ஒன்றும் அந்த வரிசையில் இருக்கட்டும். காரில் நான் கூட்டிச்செல்கிறேன்.

நித்தியா, 7:40
நிச்சயம் வருகிறோம் மாமா. கோபி அண்ணா, சுரண்டுகிற முறையிலேயே செய்கிறேன்; மூடி மட்டும் அன்ரி சொன்னபடி மேலே. வியாழன் ஏழு மணிக்கு உங்கள் சிறு வாளோடு வந்தால் பெரிய உதவி.

கோபி அண்ணா, 7:42
வருகிறேன். மேசைமேல் விரிக்கப் பழைய பத்திரிகைகளை எடுத்து வை. பூங்காவிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தால், பற்றரி விளக்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் பூசணியை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போட வேண்டும்.