மறு: வேர்முடிச்சைக் கட்டுப்படுத்தும் ‘தழைச்சத்து ஏற்பி’

> “தழைச்சத்து ஏற்பி” என்று வைக்கலாமா? உழவர்களுக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

பயறுச் செடிகளில் வேர்முடிச்சைக் கட்டுப்படுத்தும், நைட்ரேட்டை உணரும் புரதத்துக்கு (nitrate sensor) நீங்கள் சொன்ன பெயரில் தழைச்சத்து நல்ல சொல்தான். ஆனால் அம்மோனியம், யூரியா எல்லாமே அதில் அடங்கிவிடும். இந்தப் புரதம் பிடிப்பது நைட்ரேட்டை. ‘நைட்ரஜன்’ என்று போட்டாலும் சிக்கல்: காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடிக்கு அது எட்டாததால்தானே, பாக்டீரியா அதைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சே தேவைப்படுகிறது?

‘ஏற்பி’ (receptor) என்றதும் மாணவர்களுக்குச் செல்சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதம்தான் நினைவுக்கு வரும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் என்ஆர்டி1.1 (NRT1.1) புரதம் அப்படிப்பட்டதே. அதே செடியின் என்எல்பி7 (NLP7) புரதம் வேறு ரகம். செல்லுக்குள்ளேயே நைட்ரேட்டைப் பற்றிக்கொண்டு, உட்கருவில் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இது 2022-இல் உறுதியானது.

பயறுக் குடும்பத்தில் கதை இன்னும் சுவையானது. மெடிகாகோ என்ற பயறுச் செடியில் நைட்ரேட் இல்லாதவரை, அதே குடும்பத்துப் புரதமான என்எல்பி1, உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் சும்மா கிடக்கும். நைட்ரேட் வந்ததும் உட்கருவுக்குள் நுழைந்து, முடிச்சைத் தொடங்கிவைக்கும் ‘நின்’ (NIN) புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும். லோட்டஸ் ஜப்பானிகஸில் (தாமரை என்று யாரும் மொழிபெயர்த்துவிடாதீர்கள், இதுவும் பயறுக் குடும்பம்தான்) என்எல்பி4 ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) உண்டாக்கவைக்கும். அது தண்டுக்கு ஏறிப் போய்ச் சேதி சொல்ல, புது முடிச்சுகள் நின்றுபோகும். மண்ணில் நைட்ரேட்டாக மாறும் யூரியாவை அள்ளிப் போட்ட கடலைக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு குறைவாக இருக்கும். இருப்பதைக் கிள்ளினாலும் உள்ளே, நன்றாக வேலை செய்யும் முடிச்சுக்குரிய இளஞ்சிவப்பு இல்லாமல் வெளிறிக் கிடக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘நைட்ரேட் உணரி’ என்றுதான் முதலில் நினைத்தேன். மண்ணில் செருகும் கருவிக்கும் அதே பெயர் வந்துவிடும். ஆகவே ‘நைட்ரேட் உணர்புரதம்’.

என்எல்பி (NIN-like protein, அதாவது நின்னைப் போன்ற புரதம்) குடும்பத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். நின்னும் அதே குடும்பத்தில் பிறந்ததுதான், ஆனால் நைட்ரேட்டுக்கு அது அசையாது; எனவே இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. ‘நின்போலி’ என்றால் போலிச்சரக்கு மாதிரி இருக்கிறது. ‘நின்னொத்த புரதம்’ என்றால் காதலிக்கு எழுதிய வரி ஆகிவிடும். ‘நின்வகைப் புரதம்’ என்பது என் பரிந்துரை.

வேர்முடிச்சு, வேர்முண்டு இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. முடிச்சையே வைத்துக்கொள்வோம், அதில் கைவைக்க வேண்டாம்.