‘குளோனல் எவல்யூஷன்’: தமிழில் எப்படி? (வெள்ளிக்குள் தேவை)

அனைவருக்கும் வணக்கம். நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஜெஃபிட்டினிப் மாத்திரையில் சுருங்கிய கட்டி பிறகு மறுபடி வளர்வதற்கான காரணத்தை ‘நகல் பரிணாமம்’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ‘மருந்துக்குப் பழகுதல்’ என மாற்றிவிட்டார். எது சரி?
— மொழிபெயர்ப்பாளர், கோவை

‘பழகுதல்’ வேண்டவே வேண்டாம். “டாக்டர், உடம்பு மாத்திரைக்குப் பழகிடுச்சு, டோஸைக் கூட்டுங்க” என்று ஏற்கெனவே கேட்கிறார்கள். பழகுவது உடம்பு இல்லை. செல்லை வளரத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் புரதத்தின் 790ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் மெத்தியோனின் வந்த செல்கள் சிலரிடம் மாத்திரை தொடங்கும் முன்பே கொஞ்சம் இருக்கின்றன. மற்றவை மடிய, இவை பெருகுகின்றன. ஜெஃபிட்டினிப் பலனிழந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இம்மாற்றத்தைக் காண்கிறோம். அதற்கென ஒசிமெர்ட்டினிப் கொடுத்தால், சிலரிடம் 797இல் சிஸ்டீன் செரினாகிவிடுகிறது. 1976இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் ‘குளோனல் எவல்யூஷன்’ என்று எழுதியது இந்தத் தெரிவைத்தான்.
— புற்றுநோய் மருத்துவர், சென்னை

எங்கட பாடநூல்களில் எவல்யூஷன் ‘கூர்ப்பு’. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். டாக்டர் ஐயா சொன்னதும் உள்ளது சிறத்தல்தானே! கூர்ப்பு தப்பிய செல்லுக்கு, கழிவு மடிந்த செல்லுக்கு. குளோன் ஒரே செல்லின் வழிவந்த கூட்டம், ஆகவே ‘கால்வழி’. ‘கால்வழிக் கூர்ப்பு’ என்று போடுங்கோ.
— தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

அந்த நூற்பாவில் கழிவும் மிகுதிதான் ஐயா, மடிதல் இல்லை, உரையைப் பாருங்கள். ‘கால்வழி’ அருமை, ஏற்கிறேன். ஆனால் கூர்ப்பு என்றதும் இங்கே கத்திமுனைதான் நினைவுக்கு வரும். எவல்யூஷனுக்கு இன்னொரு சொல்லான ‘படிமலர்ச்சி’யையும் யாரும் கொண்டுவராதீர்கள், புற்றுக்கு மலர்ச்சி ஆகாது. வடசொல்லானாலும் ‘பரிணாமம்’ பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
— மதுரை

பழகுதலை முழுக்கத் தள்ள முடியாது. மரபணு மாறாமலே, பிளவுறுவதைக் குறைத்துக்கொண்டு மருந்தைத் தாக்குப்பிடிக்கும் செல்களும் உண்டு. மருந்தை நிறுத்தினால் பழையபடி மருந்துக்கு மடியக்கூடியவையாகின்றன. அவற்றையும் பரிணாமத்தில் அடக்கினால் பிழை. தனிப் பெயர் கொடுங்கள்.
— உயிரியல் ஆய்வு மாணவி, பெங்களூர்

அவற்றுக்குத் ‘தாங்கு செல்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். தலைப்பு ‘கால்வழிப் பரிணாமம்’. அடியில் ‘மருந்துக்குத் தப்பிய செல்கள் பெருகுதல்’ என்று விளக்கம். மூவர் சரி என்கிறார்கள். கோப்பு நாளை போகிறது.
— கோவை

அச்சுக்குப் போகட்டும். பரிணாமத்தை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்குக் கூர்ப்பை மறுபடி முன்மொழிவேன்.
— யாழ்ப்பாணம்