நீச்சல் பயிற்சிக்காகப் பாராசூட், பேடில், ரப்பர் கயிறு கட்டி நீந்தியவர்கள் வாங்க, என்ன ஆச்சு சொல்லுங்க

ஈரத்துண்டு:
இடுப்பில் பெல்ட், பின்னால் கயிறு, நுனியில் தண்ணீரில் விரிந்து நம்மைப் பின்னால் இழுக்கும் அந்தச் சின்னப் பாராசூட். தெரிந்ததுதானே. சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் யீஷூன் பக்கம், 50 மீட்டர் குளம். ஏழாவது சுற்றில் இழுவை திடீரென்று கூடியது. ஆகா, வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கை போட்டேன். நகரவே இல்லை. திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த சீன ஆன்ட்டி பாராசூட்டை ஒரு கையில், ஈரச்சந்தையில் மீன் பையைப் பிடிப்பது போலத் தூக்கிப் பிடித்திருக்கிறார். தண்ணீர் சொட்டுகிறது. "அங்கிள், திஸ் ஒன் யுவர்ஸ் ஆ?" என்னைவிட அவருக்குப் பத்து வயதாவது கூட இருக்கும். அங்கிளாம்!

ஜூரோங் அப்பா:
சிரித்துவிட்டேன். ஆனாலும் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாராசூட் கட்டியது தப்புத்தான் தம்பி.

என் கதை பேடில், கையில் மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் தட்டு. 2016 ஒலிம்பிக் நீச்சலில் நம்ம ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வாங்கியதிலிருந்து இந்த ஊர் அப்பாக்களுக்கு ஒரு கிறுக்கு, எனக்கும்தான். மகளுக்கு 11 வயது. பயிற்சியாளர் பெரியவர்கள் போடும் அளவைக் கொடுத்தார், நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் பள்ளிக்குக் கிளம்பும்போது சீப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள், கை தோளுக்கு மேலே போகவில்லை. "அப்பா, நீங்க பின்னி விடுங்க." கோணல் சடையோடுதான் போனாள்.

பழைய தவளை:
ஒரு நுனியைக் குளத்தோரம் மாட்டி, மறுநுனியை இடுப்பில் கட்டி நீந்தும் ரப்பர் கயிற்றின் கொக்கி கழன்று தொடையில் அடித்தது. பத்து நாள் தழும்பு. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லணும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தடை நான்கு மடங்காகும். பாராசூட்டோடு 50 மீட்டரும் முட்டி மோதினால் பாதியிலேயே முழங்கை தாழ்ந்துவிடும், அப்புறம் பழகுவது அந்தக் கெட்ட வீச்சைத்தான். 25 மீட்டர் போங்கள், மூச்சு வாங்குங்கள், கழற்றிவிட்டு ஒரு தடவை சும்மா நீந்துங்கள். சுவரில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பாதீர்கள். கயிறு தளர்ந்து அங்கேயே மிதக்கும், காலில் சுற்றும். பேடிலில் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டு விரல் பட்டையை மட்டும் வையுங்கள். கை கோணலாக நுழைந்தால் பேடில் தானே கழன்று காட்டிக்கொடுக்கும். அளவு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, போதும். ரப்பர் கயிற்றை ஒவ்வொரு தடவையும் இழுத்து வெடிப்புப் பாருங்கள். வெயிலும் குளோரினும் தின்றுவிடும். காசு செலவழிக்க மனமில்லையா, பழைய டி-சட்டை போட்டு நீந்துங்கள்.

ஜூரோங் அப்பா:
அண்ணே, யாரும் கேட்கவே இல்லையே. அவள் இப்போது பேடிலைத் தொடுவதே இல்லை.

ஈரத்துண்டு:
டி-சட்டையோடு இறங்கினால் எங்கள் குளத்தில் உடனே விசில் ஊதுவார்கள் அண்ணே.

ஜூரோங் அண்ணன் சொன்னதும் சரி, பாராசூட்டை விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை அதே ஆன்ட்டி. "டுடே நோ அம்ப்ரெல்லா ஆ?" என்று லேன் முழுக்கக் கேட்கிற மாதிரி. இனி ஞாயிற்றுக்கிழமைதான்.